ஓடாத மிஷின்

அன்வர் பாஷாவின் மிஷின் கெட்டுப்போன சேதி வந்ததும் காசிம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

சேதி கொண்டுவந்தவர் தலைமையாசிரியை தீர்த்தம்மாள். வாசலில் நின்றபடியே சொன்னார். அரைப் பரீட்சைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. வருஷா வருஷம் கேள்வித்தாள் அடித்துத் தரும் பாஷாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சைக்ளோஸ்டைல் மிஷின் ரிப்பேராம்.

"நீங்க வூட்லயே ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. அடிச்சுக் குடுப்பீங்களா?"

"குடுக்கறோங்க டீச்சர்." எல்லா வகுப்புக்குமா என்று கேட்டான். எல்லா வகுப்புக்கும்தான்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, காசிம் உள்ளே பார்த்துச் சிரித்தான். "ஷகிலா, கிழவர் மிஷின் படுத்துடுச்சு."

"அதுக்கு யாராச்சும் இப்படிச் சிரிப்பாங்களா?" என்றாள் மனைவி.

அவன் வேலை பார்த்த புளி மண்டியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. கணக்கு முடித்துக் கையில் கொடுத்த பணத்தை அப்படியே ஒரு பழைய மிஷினில் போட்டான். ஷகிலாவுக்கு அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. மெழுகு ஸ்டென்சிலில் அவள் ஊசிப் பேனாவால் எழுதுவாள், அவன் கைப்பிடியைச் சுற்றுவான், ஊர் தேடி வரும் என்று நினைத்தான்.

வாங்குவதற்கு முன் யோசனை கேட்டதும் பாஷாவிடம்தான். அரூரில் அவரை விட்டால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? சேலத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று மரப்பெட்டி, ஒவ்வொரு தாளாக வைத்து மேலே ரோலரை உருட்ட வேண்டும். இன்னொன்று உருளை வைத்தது. சுற்றச் சுற்றத் தாள் மளமளவென்று வந்து விழும். பாஷா பெட்டியைத்தான் வாங்கச் சொன்னார். உருளை மை குடிக்கும், வூட்டுக்குத் தாங்காது என்றார்.

போட்டி வந்துவிடும் என்ற பயம் கிழவருக்கு, என்று காசிமுக்குத் தோன்றியது. உருளையையே வாங்கினான்.

அது குடிக்கத்தான் செய்தது. ஷகிலா அதோடு மல்லுக்கட்டினாள். ஓரத்தில் பிதுங்கிய மையைப் பழைய போஸ்ட்கார்டால் வழித்து மறுபடியும் உள்ளே விட்டாள். தீர்ந்த டியூபை வெயிலில் இளக்கி, சப்பாத்திக் கட்டையால் உருட்டிக் கடைசிச் சொட்டு வரை எடுத்தாள். ஆனால் ஆர்டர் இல்லாத நாளில் அவள்தான் என்ன செய்வாள்? நாலு நாள் சும்மா நின்றால் மை உருளையிலேயே காய்ந்து பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அத்தனையும் துணியோடு போயிற்று.

அதைப் போய்ச் சொன்னபோது பாஷா தாடியைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "ஓடற மிஷினைவிட ஓடாத மிஷின்தான் காசிம் ஜாஸ்தி மை குடிக்கும். தினம் ஓட்டு."

ஊர் ஆர்டரையெல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டு, தினம் ஓட்டு என்கிறார். காசிமுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே டீக்கடையில் பாஷாவின் கஞ்சத்தனத்தைக் கடை விரித்தான். மை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, அவர் அடித்த தாளை டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், எதற்கு அப்படிப் பேசினோம் என்று இருந்தது.

இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. தீர்த்தம்மாள் வந்துபோன மறுநாள் பஸ் ஸ்டாண்டு டுடோரியலிலிருந்து ஆள் வந்தது. அடுத்த நாள் மொரப்பூரிலிருந்து. கட்டில், அலமாரி, அரிசி டின் மேலெல்லாம் தாள் காய்ந்தது. ஷகிலாவின் விரல் காய்ப்பு விட்டது. காசிமின் உள்ளங்கை ரேகை கறுப்பில் மறைந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, எட்டு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஒவ்வொரு தாளோடும் வெளியே வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் பாதியில் மை தீர்ந்தது. சப்பாத்திக் கட்டைக்கும் ஒன்றும் வரவில்லை. மை வாங்கும் சேலத்துக் கடை இன்று திறக்காது. காலை ஒன்பது மணிக்குத் தாள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். முதல் வேலையிலேயே சொதப்பினால் அப்புறம் இந்த வாசலை யார் மிதிப்பார்கள்?

"பாஷா பாய்கிட்ட இருக்கும்," என்றாள் ஷகிலா.

"எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?"

"மை ஒட்டின மூஞ்சியோடதான். வேற எது இருக்கு? போங்க."

இன்ஸ்டிட்யூட் மாடியில் இருந்தது. முதல் படியில் கால் வைத்ததுமே சத்தம் கேட்டது. கடக், கடக், கடக். காசிமுக்குத் தூக்கத்திலும் தெரியும் அந்தச் சத்தம்.

ரிப்பேராவது, ஒன்றாவது. மை தின்கிற பள்ளிக்கூட வேலையை என் தலையில் கட்டிவிட்டு, நல்ல வேலை எதையோ ரகசியமாக அடிக்கிறார் கிழவர். இரண்டிரண்டு படியாக ஏறினான்.

பாஷா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் கை நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

"மிஷின் நல்லாத்தானே ஓடுது பாய்?"

அவர் அலமாரியைத் திறந்து மூன்று மை டியூபை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுக்குத்தானே வந்தே? எடுத்துக்கிட்டுப் போ. முதல்ல வேலையை முடி."

காசிம் டியூபைத் தொடவில்லை. மிஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த தாளை எடுத்தான். ஈரம் காயாத, டார்ச் தேவைப்படாத, கன்னங்கரிய எழுத்து:

"எங்கள் மிஷின் முழுப் பரீட்சை முடியும் வரை பழுது. கேள்வித்தாள் வேலைகளுக்கு காசிம் வீட்டை அணுகவும். அங்கே எழுத்து தெளிவாக இருக்கும்."