பதற்ற ஒத்திகை

“சத்தம் பத்தாது அத்தை. போட்ட பணம் போச்சேன்னு வயித்துல அடிச்சுக்கணும்” என்றார் வங்கி மேனேஜர்.

“அடிச்சுக்கறேன் மாப்பிள்ளை. அழறதுக்குன்னா மட்டும் மாமியார் ஞாபகம் வந்துடும் உங்களுக்கு.”

போன வருஷம் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு வந்த புது விதி இது. ஜனங்கள் பதறிப்போய்ப் பணம் எடுக்க வந்தால் கிளை சமாளிக்குமா என்று, தீயணைப்பு ஒத்திகை மாதிரி நடத்திக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் கிளைக்குப் பூட்டு.

நடிக்க ஊழியர்களின் சொந்தபந்தங்கள் வந்திருந்தார்கள். ஆய்வு அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஆரம்பிங்க” என்றார்.

மாமியார் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மருந்துக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே தையல்காரர், லாரி டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார்கள்.

“ஐயோ, இது வெறும் ஒத்திகைங்க!” என்று மேனேஜர் கத்தினார்.

“போன வருஷம் கவிழ்ந்த பேங்க்காரங்களும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க. எடுய்யா பணத்தை!” என்றார் தையல்காரர்.

வரிசை வாசலைத் தாண்டியது. கேஷியர் ஓடிவந்து மேனேஜர் காதைக் கடித்தார். “சார், இருப்பு தீரப்போகுது. உங்க மாமியாரும் நிஜமாவே மொத்தத்தையும் எடுத்துட்டாங்க.”

“அத்தை!”

“பின்னே? வெறுங்கையோட திரும்பினா நடிப்புன்னு தெரிஞ்சிடாதா மாப்பிள்ளை?”

மேனேஜர் அதிகாரியிடம் ஓடினார். “சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே கிளையை மூடவேண்டியதுதான்!”

அதிகாரி நாற்காலி மேல் ஏறி நின்றார். “வங்கி கல்லு மாதிரி இருக்கு. நானே கணக்கைப் பார்த்தேன். படிச்சவங்களே ஆட்டுமந்தை மாதிரி ஓடிவந்தா எப்படி? வெக்கமா இல்ல? என் பணமே இங்கேதான் இருக்கு!”

யாரும் அசையவில்லை. வரிசை இன்னும் நீண்டது.

அதிகாரி இறங்கினார். ‘கிளை மிகவும் பாதுகாப்பானது’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் நீட்டினார். அப்புறம் விறுவிறுவென்று நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

“சார்... ஒத்திகைன்னு உங்களுக்குத் தெரியுமே!”

“எனக்குத் தெரியும்யா” என்றார் அதிகாரி, முன்னால் நின்றவரை நெருக்கித் தள்ளியபடி. “எனக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியலையே!”