வீட்டார் பார்த்துள்ளனர்

"உங்கட வீட்டில இருந்து நாப்பத்தொரு தரம் பாத்திருக்கிறியள்" என்று பெனடிக்ற்றின் தாய் சொன்னபோது, சிங்கராசாவுக்கு எதைப் பார்த்தோம் என்றே விளங்கவில்லை.

ஆனாலும் மனுசன் வங்காலைக்காரன். ஞாயிறு பூசை முடிந்து வீடு தேடி வந்தவர்களிடம் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

"ஓம் ஓம், பாத்தனாங்கள்தான். இருங்கோ" என்று கதிரைகளை இழுத்துப் போட்டார்.

பேசாலையிலிருந்து வான் பிடித்து வந்திருந்தார்கள். தாய், தகப்பன், ஒரு மாமி, மாப்பிள்ளை பெனடிக்ற். கையில் இரண்டு சீப்புக் கதலியும் ஒரு முழுப் பாரையும். கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற ஆட்களை என்ன சொல்ல.

மாப்பிள்ளையின் எந்தப் படம் பிடித்தது என்று மாமி கேட்டார். எல்லாம் வடிவுதான் என்றார் சிங்கராசா. அந்த மனுசனுக்குப் போனில் அழைப்பு வந்தால் எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது.

அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற அவருடைய மகள் சுவேதினிக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. நாற்பத்தொரு தரம் பார்த்தது யாரென்று அவளைக் கேட்டால், வெப்சைற் என்பாள்.

பெற்றிசியா ரீச்சர் பென்சன் எடுத்த கையோடு கலியாணம் பேசிவைக்கத் தொடங்கினவர். விபரம் எழுதின கொப்பி நிறைந்துபோனதும், கொம்பியூட்டர் தெரிந்த சுவேதினியைப் பிடித்து ஒரு கலியாண சைற் செய்வித்தார். செய்து தந்தவளுடைய படத்தையும் விபரத்தையும் ரீச்சரே அதில் ஏற்றிவிட்டார், அவளுக்கு இலவசமாம்.

சைற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் சிக்னல் படுகிற பாடு தெரிந்ததுதானே. மாப்பிள்ளையின் படம் நெற்றியிலிருந்து நாடிக்கு இறங்குவதற்குள், பெண் வீட்டுக்காரர் உலை வைக்கப் போய்விடுவார்கள்.

சுவேதினி அதற்கு ஒரு வழி செய்தாள். யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்று சைற் குறித்துவைக்கும். அதே ஆள் மறுபடி வந்தால், அடுத்து எங்கே போவார் என்று கணித்து, அவர் தொடும் முன்பே அந்தப் பக்கத்தை இறக்கிவைத்துவிடும். விரல் பட்டதும் படம் பளிச்சென்று வரும். ரீச்சருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

பிழை ஒன்றே ஒன்றுதான். முன்கூட்டி இறக்கிவைத்த பக்கத்தையும் பார்த்ததாகச் சைற் எண்ணிவிட்டது. எண்ணினதோடு நிற்காமல், ஒவ்வொரு தரமும் மாப்பிள்ளைக்கு மெசேஜும் அனுப்பிவிட்டது. வேலைக்காக அவள் நாளுக்கு இரண்டு மூன்று தரம் சைற்றுக்குள் போய்வருகிறவள். மூன்று கிழமையாக ஒவ்வொரு தரமும் பேசாலையில் ஒரு போன் கிணுங்கியிருக்கிறது.

நேற்றுத்தான் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். போன மெசேஜைத் திருப்பி எடுக்க முடியுமா.

அதிலும் அந்த மெசேஜ் ரீச்சரின் வசனம். பெட்டை பார்த்தாள் என்று எழுதினால் வடிவில்லை என்று சொல்லி, "சுவேதினி வீட்டார் உங்களைப் பார்த்துள்ளனர்" என்று போடச் சொன்னார். வீட்டார் பார்ப்பதென்றால் என்ன கருத்தென்று இந்தக் கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்தொரு தரம் பார்த்த பிறகும் எழும்பி வராமல் இருந்தால் பேசாலைக்கு மரியாதையில்லை.

விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருசமாகக் கலியாணம் பேசுகிறார்களாம். வள்ளத்து என்ஜின் திருத்துகிற பெடியன், எந்நேரமும் கிறீசும் எண்ணெயும் என்று, எந்த வீட்டாரும் அவனை இரண்டாந்தரம் பார்த்ததில்லையாம். இந்த மூன்று கிழமையாகத்தான் பிள்ளை சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறானாம்.

சுவேதினி கதவோடு காதை வைத்துக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெடியனுடைய சிரிப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பொய்யில் கலியாணம் தொடங்கும். அவளுக்கு அது ஏலாது.

அம்மா தேத்தண்ணித் தட்டைக் கையில் தந்து முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். தேத்தண்ணி கொடுத்து முடிந்ததும், பிள்ளைகள் இரண்டு சொல்லுக் கதைக்கட்டும் என்று மாமி சொல்ல, இருவரையும் முற்றத்து வேம்படிக்கு அனுப்பினார்கள்.

பெனடிக்ற் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு இன்னும் பாவமாகப் போயிற்று.

"குறை நினையாதேங்கோ. அது நாங்கள் பாத்ததில்லை, சைற் பாத்தது. நாங்கள் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவம் எண்டு அது முதலே கணிச்சு எடுத்துவைக்கும். அதையும் பாத்ததெண்டு பிழையா எண்ணிப்போட்டுது."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள். முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பெனடிக்ற் கோபப்படவுமில்லை, வாடவுமில்லை. ஒரு சாமான் எப்படி ஓடுகிறதென்று விளங்காமல் கையை எடுக்காத ஆள் அவன். தலையைச் சரித்துக் கேட்டான்.

"அப்ப, நீங்கள் என்ர பக்கத்துக்குத்தான் போவியள் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

ஊரிலுள்ள அத்தனை பேரும் அடுத்து எங்கே போவார்கள் என்று கணிக்கத் தெரிந்தவள், இந்தக் கேள்வியைக் கணிக்கவில்லை. காது இரண்டும் சுட்டன. விறாந்தையில் அப்பா இன்னமும் ஓம் ஓம் என்றுகொண்டிருந்தார்.

"முதல் ஒம்பது தரமும் நான்தான் பாத்தனான்" என்றாள்.