மந்திரியின் பத்தியம்

தையற்காரம்மாள் காலையில் தன் வாயில் எதையும் வைப்பதற்கு முன் மந்திரிக்குத் தட்டு வைத்துவிடுவாள்.

மந்திரி என்பது அவள் வளர்த்த கிளி. எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்து, ஆலோசித்துச் சொல்கிறேன் என்பது போல் பார்க்கும். அதனால் கிடைத்த பதவி.

ஆப்பிளை நறுக்கினால் ஒரு விதை மிஞ்சாமல் எடுத்தெறிவாள். விதை கிளிக்கு விஷம். உப்புத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டைத் தொடமாட்டாள். வெங்காயம், அவகாடோ, காப்பி எதுவும் அதன் கண்ணில்கூடப் படக்கூடாது. சாக்லேட்டோ, அந்த வீட்டு வாசற்படியையே தாண்டியதில்லை. “எல்லாம் மந்திரிக்காகத்தான்” என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அப்படிப்பட்ட மந்திரி இன்று காலை கூண்டின் தரையில் கிடந்து நடுங்கியது.

பறவை மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு அதன் தொண்டைப்பையைக் கழுவினார். வெள்ளைக் கிண்ணத்தில் பழுப்பாக ஏதோ வந்து விழுந்தது. முகர்ந்து பார்த்தார்.

“சாக்லேட்மா. ஈரல் வீங்கியிருக்கறதைப் பாத்தா இன்னிக்கு நேத்துக் கதையில்ல, யாரோ ரொம்ப நாளா ஊட்டியிருக்காங்க. இந்தத் தடவை பிழைச்சுக்கும். இன்னொரு தடவைன்னா என்னால முடியாது.”

“எங்க வீட்டுலயா? யாரு?” என்றாள் அவள்.

அருகில் அமர்ந்திருந்த கணவர் தொண்டையைச் செருமினார். அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பவர். “உன் தங்கச்சி சாயங்காலமானா வந்து கொஞ்சுறாளே. அன்னிக்கு உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து மாட்டிக்கிட்டவதானே?”

அவ்வளவு போதுமானதாக இருந்தது. அங்கேயே கைப்பேசியை எடுத்தாள்.

“வாயில்லா ஜீவனுக்கு சாக்லேட்டா ஊட்டுற? சத்தியம் வேற பண்றியா? இனிமே என் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!”

மறுமுனையில், அவள் தூக்கி வளர்த்த தங்கை, “அக்கா, அக்கா” என்று அழுதுகொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தாள்.

கணவர் சுவரில் தொங்கிய பறவைப் படங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, பிழை தேடுகிறவர் போல் படித்துக்கொண்டிருந்தார்.

நடுக்கம் நின்றதும் மருத்துவர் மந்திரியைத் துண்டில் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அது அங்கே தங்கவில்லை. மெல்ல நழுவிக் கணவரின் முழங்காலுக்குப் போயிற்று. அங்கிருந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அலகால் பற்றி, ஏணிப்படி ஏறுவது போல் ஏறியது.

மேல் பையருகே நின்றது. பையின் மடிப்பை அலகால் தூக்கியது. தடுமாறவில்லை, தன் வீட்டுக் கதவைத் திறப்பது போலத் திறந்து, தலை முழுவதையும் உள்ளே விட்டது.

பொய் சொல்லத் தெரியாது என்பது ஒன்றுதான் அந்தப் பதவிக்கு அதனிடம் இருந்த குறை.

பை காலியாக இருந்தது. தலையை வெளியே எடுத்து அவருடைய வாயையே பார்த்தது.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

மந்திரி வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இனிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை நோய் கணவருடைய வலக்காலின் பெருவிரலைக் கொண்டுபோனபோது நின்றது. வெளியே சொல்லாதே என்று அவர் கூனிக்குறுகிக் கேட்டதால், பிறகு வந்த கிளியின் பெயரில் அவள் அந்தப் பத்தியத்தை எழுதிவைத்தாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அவர் பார்த்திருக்கத் தான் மட்டும் தின்பதா என்று அவளும் விட்டுவிட்டாள்.

“எத்தனை நாளாங்க?” என்றாள். குரல் உயரவேயில்லை.

“நாக்கு கேக்கல.” அவர் நிமிரவில்லை. “ஆளுக்கொரு துணுக்குதான். தனியாத் தின்ன மனசு வரல.”

அவள் அவரையே பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

அவர் கைநீட்டி அவள் மடியிலிருந்த கைப்பேசியை எடுத்தார்.

“அத்தான் பேசறேம்மா. சாக்லேட் கொடுத்தது நான். பழியை உன் மேல போட்டதும் நான்தான். அக்காவைக் கோவிச்சுக்காதே. உன்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்.” சற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லம்மா, சாயங்காலம் என்னால வர முடியாது. நீதான் வரணும். நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்.”

அவள் சட்டென்று திரும்பினாள்.

அவர் மந்திரியை இரு கைகளாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு குனிந்து, சில நாட்களாக அவள் எதிரில் கழற்றாமலே இருந்த வலக்கால் உறையைக் கழற்றினார்.

பெருவிரல் இல்லாத இடத்துக்கு அடுத்த விரல் கறுத்திருந்தது.