ஜீப்பில் முன் சீட்

“முன் சீட் எனக்கு. இல்லேன்னா நான் வரலை” என்று வேதாந்தம் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். எடுத்த பஜ்ஜியை அவர் திரும்ப வைத்து கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் யாரும் பார்த்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த வெங்கடேஸ்வரன் மசியவில்லை. இருவரும் ஒரே ரயிலில் டில்லிக்கு வந்து, கரோல் பாக்கில் ஒரே மாடி அறையில் குடியிருந்து, ஒரே அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள். போன வருஷம் வெங்கடேஸ்வரனுக்கு மட்டும் பிரமோஷன் வந்தது. அதிலிருந்து ஆபீஸ் ஜீப்பில் எங்கே போனாலும் முன்னால் அவர், பின்னால் ஃபைல் மூட்டைகளோடு வேதாந்தம். அந்த வயிற்றெரிச்சலுக்கு டில்லியில் எந்த டிஸ்பென்சரியிலும் மருந்து இல்லை.

“இது ஆபீஸ் இல்லை ஓய், காடு! காட்டுல அனுபவம்தான் சீனியாரிட்டி” என்றார் வேதாந்தம். “ராஜஸ்தான்ல பார்மேர் மணல்ல நாலு நாள் ஜீப்லயே சுத்தினவன் நான்.”

“நாகாலாந்துல முழங்கால் சேத்துல ஜீப்ல போனவன் நான். உம்ம மணல் என்ன பெரிய மணல்?”

விஷயம் இதுதான். ஆபீஸில் சில பஞ்சாபி இளைஞர்கள் ஜீப் எடுத்துக்கொண்டு மலை, மணல் என்று சுற்றி, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்து கான்டீனில் அளந்தார்கள். நம்மவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டில்லிக்குத் தெற்கே சோஹ்னாவுக்கு அப்பால், ரோடே போகாத குன்றுகளில் ஒரு ராத்திரி தங்குவதென்று வேதாந்தம், வெங்கடேஸ்வரன், சக குமாஸ்தாக்கள் ஜம்பு, சுப்பு நால்வரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போடுவதில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை யார் மிஞ்ச முடியும்?

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் வீட்டில் ஆலோசனைக் கூட்டம். சனிக்கிழமை கிழக்கேதான் சூலம், போவது தெற்கே, ஆகவே பாதகமில்லை. ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்குள் கிளம்பியாக வேண்டும். கூடாரத்துக்குள் வடக்கே தலை வைக்காமல் நாலு பேர் எப்படிப் படுப்பது என்பதற்கே ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

“வண்டி என்னாச்சு?” என்றார் வெங்கடேஸ்வரன்.

“அதெல்லாம் பக்கா” என்றார் ஜம்பு. “தெரிஞ்ச சர்தார்ஜி ஒருத்தர் பழைய மிலிட்டரி ஜீப் தரார். கார்த்தால வாசல்ல நிறுத்தி, கையில சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவார். பெட்ரோல்கூட ஃபுல்.”

“அச்சா!” என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

காப்பி கொண்டுவந்த வேதாந்தத்தின் மனைவி ருக்மிணி டம்ளர்களை வைத்துவிட்டு நின்றாள். “ஏன்னா, நான் ஒண்ணு கேக்கலாமா?”

“லேடீஸுக்கு இடம் கிடையாது, ருக்கு. சேறும் மணலும் நரியுமா இருக்கும்.”

“நான் வரேன்னு சொல்லலையே. அந்த ஜீப்பை...”

“உள்ளே பஜ்ஜி கருகறது பாரு.”

கடைசியில் முன் சீட் வழக்கைத் தீர்த்து வைத்தது ருக்மிணியின் கைமணம்தான். “நாலு பேருக்கும் புளியோதரை, தயிர் சாதம், மோர்மிளகாய் எல்லாம் எங்காத்துலேர்ந்து வரது. முன் சீட் இல்லேன்னா அதுவும் இல்லை” என்று வேதாந்தம் பிரம்மாஸ்திரத்தை விட்டார். வெங்கடேஸ்வரனின் மனைவி வத்சலா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். தாபா ரொட்டியை மென்று மென்று அவருக்குத் தாடையே வீங்கியிருந்தது. புளியோதரைக்கு முன்னால் பதவியாவது ஒன்றாவது!

“சரி, போறச்சே நீர். வரச்சே நான்” என்று அவர் இறங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை மூட்டை கட்டும்போது ருக்மிணி மறுபடி வாயைத் திறந்தாள். “ஏன்னா, நாளைக்கு...”

“கிளம்பற காரியத்துல குறுக்கே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

அவள் புளிக்காய்ச்சலைக் கிளறப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை சொன்னபடி ஜீப் வந்தது. சர்தார்ஜி சாவியை ஜம்புவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜம்பு அதை இரண்டு கையாலும் வேதாந்தத்திடம் நீட்டினார். முன் சீட்காரருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? வேதாந்தம் அதை வாங்கி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, மஃப்ளரைச் சரி செய்து, இடது பக்க முன் சீட்டில் ஏறி அமர்ந்தார். பிறவி எடுத்த பயன் அந்த நிமிஷம் அவருக்குக் கிடைத்துவிட்டது. அக்கம்பக்கத்து பால்கனிகளெல்லாம் தன்னையே பார்ப்பதில் அவருக்கு அழுகைகூட வரும்போலிருந்தது.

பின்னால் பாத்திர மூட்டைக்கும் கூடாரத்துக்கும் நடுவே வெங்கடேஸ்வரன், ஜம்பு, சுப்பு மூவரும் ஒடுங்கிக்கொண்டார்கள். வேதாந்தம் திரும்பி, வெங்கடேஸ்வரனின் மூக்கருகே குக்கர் ஒன்று இடிப்பதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டார்.

“ஜல்தி, ஜல்தி! ராகு காலம் வந்துடப் போறது” என்றார், நேரே ரோட்டைப் பார்த்தபடி.

“ஆமாம், ஆகட்டும்” என்றார் வெங்கடேஸ்வரன்.

“சலோ பையா, வண்டியை எடு!” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் சுப்பு.

ஜீப் அசையவில்லை. நால்வரும் காத்திருந்தார்கள்.

ருக்மிணி வாசலுக்கு வந்து, புளியோதரைத் தூக்கைக் கணவர் மடியில் வைத்தாள். இந்தத் தடவை அவளை அடக்க யாருக்கும் தோன்றவில்லை.

“ஏன்னா, உங்க நாலு பேர்ல யாருக்கு ஜீப் ஓட்டத் தெரியும்?”