கல்லின் இடப்பக்கம்

தொலைநோக்கியில் கண்ணை வைத்த நாசிபுரோலாவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

முள்வேலிக்கு அப்பால், ஓடையும் தாண்டி மேட்டில் இடுகாடு. போருக்கு முன்பே போய்ச் சேர்ந்த அவள் புருஷன் ஷாக்ரோ அங்கேதான் இருக்கிறான். போரில் ஊரின் அந்தப் பாதி கைவிட்டுப் போனது. மகள் லமாரா வாழ்க்கைப்பட்டதும் அந்தப் பாதியில்தான். பாதையை அடைத்தார்கள், பிறகு போனும் நின்றது.

இருக்கிறாளா, இல்லையா? அதுகூடத் தெரியவில்லை.

ஈஸ்டருக்குக் கல்லறையில் சிவப்பு முட்டை வைத்து மது ஊற்றுவார்கள். முட்டை இருந்தால் மகள் இருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் வருஷாவருஷம் கண்காணிப்புக்காரர்களின் வண்டியை மறித்துத் தொலைநோக்கி கேட்கிறாள்.

மேற்கத்திய நாடுகளின் கூட்டமைப்பு அனுப்பிய ஆட்கள் அவர்கள். கையில் துப்பாக்கி கிடையாது. வேலியைப் பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். மாடு தாண்டிப் போய்விட்டால் அந்தப் பக்கத்துச் சிப்பாய்களுக்குப் போன் போடுவார்கள். மாடு எப்படியோ திரும்பி வந்துவிடும்.

போன வருஷம் வெறும் கல். அதற்கு முந்தியும் அப்படியே.

இன்றைக்கு முட்டை இருக்கிறது. பக்கத்தில் கறுப்புக் கோட்டில் ஒருத்தி. பெற்றவளுக்கு அந்தத் தோள் தெரியாதா?

"இருக்காடி! என் மக இருக்கா!" மொழிபெயர்ப்புக்காரி தெக்லாவைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

மறுபடி குனிந்து பார்த்தாள். லமாரா அப்பாவுக்கு மது ஊற்றினாள். சரி. பிறகு கல்லின் இடப்பக்கம் நகர்ந்து அங்கேயும் ஒரு முட்டை வைத்தாள். அங்கேயும் மது.

அது யாருக்கு? அங்கே யாரைப் புதைத்தார்கள்? மருமகனையா? ஐயோ, பிள்ளை ஏதாவதா?

லமாரா மண்டியிட்டுக் கல்லில் செதுக்கிய முகத்தில் நெற்றியை வைத்து அழுதாள்.

அந்த முகம் நாசிபுரோலாவுடையது. ஷாக்ரோவுக்குக் கல் வெட்டும்போதே, ஊர் வழக்கப்படி, பெண்டாட்டி முகத்தையும் சேர்த்துச் செதுக்கச் சொன்னவள் அவள்தான். அவள் சாகும் வருஷத்தைப் பொறிக்க மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

எந்தப் பாவி போய் என்ன சொன்னானோ.

"என்ன பெரியம்மா, என்ன தெரியுது?"

கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தொலைநோக்கி கொடுத்த அந்தத் தம்பிகிட்டச் சொல்லுடி. மாடு தவறினா அந்தப் பக்கம் போன் போடுவாருல்ல? இப்பவும் போடச் சொல்லு. செத்துப்போச்சுன்னு அங்க ஒருத்தி அழுதுக்கிட்டிருக்கிற மாடு இங்க உசுரோட நிக்குதுன்னு."