எறும்புகள் இடம் மாறின

மாசிலாமணி வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி. அது மூத்திரம் போகிற மணல் தட்டில் எறும்பு மொய்த்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் அதன் காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்ப்பார். அப்புறம் அளந்து வைத்த சாப்பாடு, இன்சுலின் ஊசி. பூனை பிஸ்கட் கேட்டு அழுதால், "வாயைக் கட்டணும்டா ராஜா" என்பார், ஜாங்கிரியை மென்றுகொண்டே.

கொஞ்ச நாளில் எறும்புகள் மணல் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையாகப் போக ஆரம்பித்தன.

"என்னக்கா, என் மேல கோபமா?" என்று பூனை கேட்டது.

"உன்கிட்ட இப்ப என்னடா இருக்கு? வெறும் தண்ணி" என்றது முன்னால் போன எறும்பு. "நாங்க உங்க ஐயாவோட பாத்ரூமுக்குப் போறோம். அங்க தினமும் கல்யாணச் சாப்பாடு."

"அய்யய்யோ! அவருக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியாம இருக்கும்? இத்தனை பேர் போறோமே!"

அதற்குள் பாத்ரூமிலிருந்து மாசிலாமணியின் சத்தம் கேட்டது. "சனியன் பிடிச்ச பூனை! இங்க வந்து மூத்திரம் போயிருக்கு பாரு, எறும்பு மொய்க்குது!"

ஊசியோடு வந்து பூனையின் காதில் குத்தினார். மெஷினில் சர்க்கரை சரியாகவே இருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார். இன்னொரு ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, பூனையின் மற்றொரு காதைப் பிடித்தார்.