கடைக்குட்டிப் பல்

கடைவாய்ப்பல்லுக்குக் கோபம் தலைக்கேறியது. அதன் பின்னால் ஈறுக்குள், கடைசியாக முளைத்த ஞானப்பல் குறுக்கே படுத்துக்கொண்டு முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

“அம்மா, இவனை எழுந்து நிக்கச் சொல்லு! எங்க இடுக்குல சிக்குற சோறெல்லாம் அழுகி என்னைத்தான் அரிக்குது!”

“அவன் கடைக்குட்டிடா. பெரியவன் நீதான் அனுசரிச்சுப் போகணும்” என்றது தாடை. வலி வந்தபோதெல்லாம் ஒரு கிராம்பை வைத்துப் பெரியவன் வாயை அடைத்தது.

“முட்டுறது அவன். கிராம்பு எனக்கா?”

ஒருநாள் கன்னம் பந்துபோல வீங்கியது. அப்போதும் தாடை, “சின்னவனை என்னடா பண்ணினே?” என்றே கேட்டது.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். “குறுக்கே கிடக்கிறதை ஈறைக் கீறி எடுக்கணும். முன்னால இருக்கிறதும் வேர்வரைக்கும் சொத்தை. அதையும் எடுத்துடலாம்.”

“நான் என்னய்யா தப்பு பண்ணினேன்?” என்று கத்திய கடைவாய்ப்பல்லைக் குறடு கவ்வியது.

இரண்டும் எவர்சில்வர் தட்டில் விழுந்தன. தட்டு முழுக்க இடம் கிடந்தது. ஆனாலும் சின்னவன் உருண்டு வந்து பெரியவன்மேல் சாய்ந்தான்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படேன்.”